செடியைப் பிடித்து ஏறச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், நம் மொரீஷியஸ் தீவின் கோர் தெ கார்த் மலையில் ஏறுவது பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "பாறை வழுக்கினால் பக்கத்துச் செடிகளைப் பற்றிக்கொண்டு ஏறலாம்." அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

அந்தப் பாறை இடுக்குகளில் என்ன வளர்கிறது என்று தாங்கள் அறியாதவரல்ல. மாந்திரினெத், நம் வாசல் செம்பருத்திக்கு உறவான சிவப்புப் பூ. உலகத்தில் அது தானாக வளர்வது இரண்டே மலைகளில். ஒன்று லெ மோர்ன், மற்றது ஏறத்தாழ 720 மீட்டர் உயரமுள்ள இந்த மலை. மிஞ்சியிருப்பவை சில பத்துச் செடிகள்தாம். ஒரு கை பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும்.

என் அப்பா கரும்புத் தோட்டத்தில் வெட்டு வேலை பார்த்தவர். அடிவாரத்து முருகன் கோயிலில் காவடி இறக்கிய மறு வாரம் எங்களை மேலே கூட்டிப்போவார். உச்சிக்குச் சற்றுக் கீழே, கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய இடத்தில், "கல்லைப் பிடி, செடியைத் தொடாதே" என்பார். அந்தப் பூவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாத மனிதருக்கு இருந்த பதைப்பு தங்கள் பக்கத்தில் இல்லையே என்பதுதான் வருத்தம்.

இரண்டு ஆண்டுக்கு முன்னும் எழுதினேன். பழைய பாடல்களில் நாம் மாதவி, குருக்கத்தி என்று கொண்டாடும் கொடி இந்தத் தீவில் வந்தேறி. இங்கே பிறந்த மரங்களைப் போர்த்தி மூடிக் கொல்கிறது. நம் முன்னோரின் இந்தியாவிலிருந்து வந்த கொடி என்பதாலேயே நமக்குப் பொறுப்பு கூடுதல் என்று எழுதியிருந்தேன். அது அச்சேறவில்லை. அதற்கும் முன்னால் ஒரு முறை, தலையில் உருண்டைக் கல் நிற்கும் பீத்தர் போத் மலையின் படத்தைப் போட்டு, கீழே கோர் தெ கார்த் என்று அச்சிட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொன்னேன், "பார்க்கிறோம்" என்றார்கள். தினமும் விழித்தவுடன் நான் பார்க்கும் மலை ஐயா கோர் தெ கார்த்.

முப்பது ஆண்டாகச் சந்தா கட்டுகிறேன். அடுத்த இதழில், படிப்பவர் கண்ணில் படும் இடத்தில், அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். செடியைத் தொட வேண்டாம், கல்லைப் பிடித்து ஏறுங்கள் என்று இருந்தால் போதும்.

தங்கள் வாசகர்,
கத்ர் போர்ன் ஊரிலிருந்து