முடி நடப் போகிறவர்களை ஊர் வைத்தியசாலையும் பார்க்க வேண்டும்: வன்னிச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், அங்குள்ள வைத்தியசாலைகளில் பணிபுரியும் வைத்தியர்கள், தாதியர்களுக்கும்,

வணக்கம்.

நான் பரந்தன் பக்கம் சலூன் வைத்திருப்பவன். ஊர்த் தலைகள் எல்லாம் எங்கள் கைக்கு வந்து போவதால், வீட்டாருக்கே தெரியாத சில விஷயங்கள் எங்களுக்குத் தெரியவரும். அப்படித் தெரியவந்ததைத்தான் எழுதுகிறேன்.

முடி நடும் சத்திரசிகிச்சைக்கு இப்போது எங்கள் பக்கத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். கொழும்புக்குப் போகிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுவதால் அங்கும் போகிறார்கள். சத்திரசிகிச்சை ஒரு பகலில் முடிந்துவிடும். அதற்கு முன்பான ஆயத்தமும், பின்பான பத்து நாளும், அதற்குப் பிறகு முடி வளரும் வரை காத்திருக்கும் ஒரு வருடமும் இங்கேதான் கழிகின்றன. அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. காசுள்ளவர்களின் அழகு வேலைக்கு அரச வைத்தியசாலை ஏன் மினக்கெட வேண்டும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். முழுவதையும் வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

எங்களிடம் வருபவர்கள் எல்லாரும் பரம்பரை வழுக்கைக்காரர் இல்லை. 2009 இல், யுத்தம் முடிந்த நேரத்தில், சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று கலியாண வயதில் இருக்கிறார்கள். சிலருடைய தலையில் பீஸ் (செல், குண்டு வெடித்துச் சிதறிய துண்டு) கிழித்த தழும்பு, சிலருக்குத் தீக்காயம். அந்த இடத்தில் தோல் மினுங்கும், ஒரு மயிர் இருக்காது. ஒரு தம்பி எப்போது வந்தாலும் "அண்ணை, இடப்பக்கத்தை நீளமா விடுங்கோ" என்றுதான் தொடங்குவார். காதுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு வெறும் தோல். அதை மூடுவதற்காகவே உச்சி மயிரை வளர்த்து இறக்கி வாரியிருப்பார். ஹெல்மெற்றைக் கழற்றியதும் முதலில் கை போவது அந்த இடத்துக்குத்தான். பெண்பிள்ளைகள் எங்களிடம் வருவதில்லை. அவர்கள் எப்படி மறைக்கிறார்கள் என்று தாய்மாரைக் கேட்டால் தெரியும். இதையும் ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

தழும்பிலும் முடி நடலாம். ஆனால் சாதாரண வழுக்கையில் நடுவது போல் அது இலகுவானதல்ல. தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால், நட்டதில் பிடிப்பதும் குறையும். அனுபவமுள்ள வைத்தியர்கள் முதலில் கொஞ்ச இடத்தில் நட்டு, சில மாதம் பொறுத்துப் பார்த்து, பிடித்தால்தான் மீதியை நடுவார்கள். காயம் ஆறும்போது தடித்துப் புடைக்கிற தோல்வாகு உள்ளவர்களுக்கு, முடி எடுக்கிற இடத்திலும் அப்படியே புடைக்கலாம்.

பீஸ் பட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சிலருக்குப் பீஸ் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. சிலருக்கு மண்டையோட்டில் ஒரு துண்டு எலும்பு எடுக்கப்பட்டிருக்கிறது, அந்த இடத்தில் தோலுக்குக் கீழே எலும்பின் காவல் இல்லை. சிலர் வலிப்புக்குக் குளிசை போடுகிறார்கள். முடி நடும்போது தலையை விறைக்க வைக்க லிக்னோகெயின் ஊசியைப் பல இடங்களில் போடுவார்கள். அந்த மருந்து அளவு மீறினால் வலிப்பு வரக்கூடும். ஏற்கெனவே வலிப்பு உள்ளவர் அதைச் சொல்லாமல் போய்ப் படுத்தால் என்ன நடக்கும்? "சொன்னா செய்யமாட்டினம் அண்ணை" என்று தெரிந்தே மறைப்பவர்கள் இருக்கிறார்கள். சொல்ல நினைப்பவரிடமும் காட்டுவதற்கு ஒரு துண்டு இல்லை. இடம்பெயர்ந்து ஓடியதில் வைத்தியசாலை அட்டை, பழைய எக்ஸ்றே படம் எல்லாம் போய்விட்டன.

ஆகவே நான் முதலில் கேட்பது இதைத்தான். தலைக்காயம் பட்ட ஒருவர் முடி நடப் போவதாக வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தால், அவருக்கு ஒரு எக்ஸ்றே எடுங்கள், தேவையென்றால் ஸ்கானுக்கு அனுப்புங்கள். பீஸ் எங்கே இருக்கிறது, எலும்பு எங்கே இல்லை, என்ன மருந்து எடுக்கிறார் என்று எழுதி ஒரு கடிதம் கொடுங்கள். வலிப்புக் குளிசையை எந்தக் காரணத்துக்காகவும் தானாக நிறுத்தக்கூடாது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருக்கு அனுப்பக்கூடியவர்களை அனுப்புங்கள். சின்னத் தழும்பென்றால் அதை வெட்டியெடுத்துத் தைத்தாலே சிலருக்குப் போதும், முடி நடும் செலவே வராது.

மற்றவர்களின் கதைக்கு வருகிறேன். பின்தலையிலும் பக்கங்களிலும் உள்ள மயிர் பரம்பரை வழுக்கைக்கு இலகுவில் உதிராது. அங்கிருந்து வேரோடு எடுத்துத்தான் முன்னுக்கு நடுகிறார்கள். எடுத்த இடத்தில் அது திரும்ப முளைக்காது. இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களின் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று அந்த வயதில் சொல்ல முடியாது. நெற்றியில் அடர்த்தியாக நட்டுவிட்டு, அதற்குப் பின்னால் சொந்த மயிர் உதிர்ந்துகொண்டு போனால் நடுவில் வெட்டை விழும். அதை நிரப்பப் பின்தலையில் மிச்சம் இருக்காது. அளவுக்கு மீறி எடுக்கப்பட்டு, பின்தலை பூச்சி அரித்த துணி போலக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மெசினை எந்த இலக்கத்தில் வைத்தாலும் அது மறையாது. பொறுக்கச் சொல்லி நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். வைத்தியர் சொன்னால் கேட்பார்கள்.

போவதென்று முடிவானால் சீனி, ஹீமோகுளோபின், இரத்தம் உறையும் நேரம், ஈரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பார்க்க வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது. சிகரெற்றை முன்னும் பின்னும் இரண்டு கிழமையாவது விட வேண்டும், குடியை ஒரு கிழமை முன்பிருந்தே. அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். அதற்காக இதய நோயாளி ஒருவர் தன்பாட்டில் அதை நிறுத்திவிடக்கூடாது, கிளினிக் வைத்தியரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். போவதற்கு முதல் நாள் மொட்டை அடிக்க எங்களிடம் வருகிறார்கள். நான் அடிப்பதில்லை. சவர அலகு கீறினால் அதன் வழியே கிருமி போகும், மயிர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று நடுகிற வைத்தியர்தான் சொல்ல வேண்டும். வயல் செய்பவர்கள் விதைப்புக்கும் அறுவடைக்கும் கிட்டவாக நாள் குறிக்கவும் கூடாது. அந்த வெயிலும் வியர்வையும் வைக்கல் தூசியும் பச்சைக் காயத்துக்கு ஆகாது.

அப்புறம் அந்தப் பத்து நாள். நட்ட வேர் நன்றாகப் பிடிக்க ஏறத்தாழ அவ்வளவு நாள் எடுக்கும். கையால் சொறிந்தாலோ, தலை எங்காவது இடிபட்டாலோ முதல் நாட்களில் வேர் கழன்று வந்துவிடும். முதல் சில இரவு தலையை உயர்த்தி, மல்லாந்துதான் படுக்க வேண்டும். கழுவுவது எந்த நாளில் என்று வைத்தியர் சொல்லுவார். ஆனால் எங்கள் வீடுகளில் குளிப்பது கிணற்றடியில். அள்ளிய வாளியை அப்படியே தலையில் கவிழ்ப்பதுதான் பழக்கம். இவர்கள் கோப்பையால் மெதுவாக ஊற்ற வேண்டும். குளத்துக் குளிப்பும் கடலும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். காய்ந்த பொருக்கை நகத்தால் கிள்ளக்கூடாது, ஏழு தொடக்கம் பத்து நாளில் அது தானாக விழும். நல்லெண்ணெய், மஞ்சள், ஆச்சி காய்ச்சிய எண்ணெய் எதுவும் பச்சைக் காயத்தில் வேண்டாம். இறுக்கமான ஹெல்மெற் போட முடியாது, போடாமல் மோட்டார் சைக்கிள் ஓடவும் கூடாது. பஸ்ஸில் போவதுதான் வழி.

இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைக்கு இறங்கும். பெரும்பாலும் அது தானாக வற்றிவிடும். ஆனால் கண் திறக்க முடியாமல் கண்ணாடியைப் பார்க்கிற பையன் பயந்துபோவான். அவன் பிரதேச வைத்தியசாலைக்கு வந்தால் "உனக்கு ஏன் இந்த வேலை?" என்ற ஏச்சுத்தான் கிடைக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏச்சுக்குப் பயந்தவன் உண்மையாகவே சீழ் வைத்து, காய்ச்சல் அடித்து, நோ கூடிக்கொண்டு போகும்போதும் வரமாட்டான். எனக்கு இருக்கிற பயம் அதுதான். அவனை இருத்தித் தலையைப் பாருங்கள். வீக்கம் என்றால் வீக்கம் என்று சொல்லுங்கள், கிருமி என்றால் மருந்து கொடுங்கள். நோவுக்கு பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுகிறார்கள். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு அந்தக் குளிசை ஆபத்து என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

இரண்டு தொடக்கம் நாலு கிழமையில் நட்ட மயிர் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும், மூன்று நாலு மாதத்தில் மெல்ல முளைக்கும், முழுதாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். உச்சியில் இன்னும் சுணங்கும். இது தெரியாமல், கொடுத்த காசெல்லாம் போய்விட்டதென்று கண் கலங்கி வருபவர்களை நான் கதிரையில் இருத்தி ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்ய 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வைத்தியர்களைச் சரிபார்க்க இலங்கை மருத்துவச் சபையின் பதிவேடு இருக்கிறது. ஆனால் பேஸ்புக்கில் மலிவு விலை போட்டு அழைப்பவர்களில் கத்தியைப் பிடிப்பது வைத்தியரா, பயிற்சி எடுத்த உதவியாளரா என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. முற்பணம் கட்ட முதல் எதைக் கேட்க வேண்டும், பதிவை எங்கே பார்க்கலாம் என்பதை உங்கள் பணிமனைகள் தமிழில் சொல்லலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக அடியுங்கள். எதை எழுத வேண்டும் என்று உங்கள் வைத்தியர்கள் தீர்மானிக்கட்டும். வெளிநோயாளர் பிரிவிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் வையுங்கள். என் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கித் தருகிறேன். பரந்தன் தொடக்கம் மாங்குளம் வரை எனக்குத் தெரிந்த சலூன்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பு. அச்சுக் கூலிதான் தடையென்றால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் சேர்ந்து கட்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பரந்தனிலிருந்து ஒரு சலூன்காரர்