வாய்க்காலைத் தாண்டினால் ஒன்றுமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புதுவையின் படப்பிடிப்பு இடங்களைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, சொந்த ஊர்ப் பெயரைப் பார்த்த ஆசையில். இரண்டாம் முறை, என் கண்ணில் பட்ட வாக்கியம் உண்மையிலேயே அச்சில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருக்கிறது. “பெரிய வாய்க்காலைத் தாண்டினால், மூடிக் கிடக்கும் பஞ்சாலையைத் தவிரக் கேமராவுக்கு அங்கே வேலை இல்லை, அந்தப் பாழிடமோ சண்டைக் காட்சிகளுக்கென்றே அமைந்தது.”

கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று ஊரைப் பிரிக்கும் வாய்க்கால் அது. நான் பிறந்து வளர்ந்தது அதைத் தாண்டிய மேற்குப் பக்கத்தில். என் தகப்பனார் முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பாழிடத்தில் தறி ஓட்டினார்.

ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்று பெயர் மாறிய பிறகும் எங்கள் வீட்டில் அது ரோடியர் மில்தான். அப்பா வேலை முடிந்து வந்தால் காது மடலிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். விருந்தாளிகள் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். 1936 ஜூலை 30 அன்று இந்த ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டுக் கொன்றது தாங்கள் அறியாததல்ல. எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அதற்குப் பிறகுதான் இங்கே கிடைத்தது. என் தாத்தா அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை நலிந்து, ‘தானே’ என்ற புயலிலும் அடிபட்டு, 2020-இல் மூடப்பட்டது. அதைப் பாழிடம் என்று எழுதுவதற்கு முன், அங்கே வேலை செய்த ஒருவரையாவது உங்கள் கட்டுரையாளர் தேடிப் பார்த்திருக்கலாம். முதலியார்பேட்டையில் எந்தத் தேநீர்க் கடையில் கேட்டிருந்தாலும் ஒருவர் கிடைத்திருப்பார்.

சினிமாவின் மேல் எனக்குப் பகையில்லை. தரை டிக்கெட் எடுத்துப் படம் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் படப்பிடிப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் சித்தி வாசலில் போட்ட கோலம்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, துய்மா வீதியில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் சித்தி வாடகைக்கு இருந்தார். (அந்தப் பக்கத்திலும் குடித்தனம் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையில் எங்குமே காணோம். “ஆள் அரவமற்ற வீதிகள்” என்று மூன்று இடங்களில் இருக்கிறது.) செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, விடியும் முன்பே ஒரு படக்குழு வந்து வீதியின் இரண்டு முனைகளிலும் கயிறு கட்டிவிட்டது. சித்தி வழக்கம்போல வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார். ஒரு பையன் வந்து மிகவும் பணிவாகச் சொன்னான்: “கதைப்படி இது வெளிநாடு அம்மா. கோலம் தெரியக் கூடாது. கொஞ்சம் அழித்துவிடுங்கள்.” உடம்பு முடியாத அந்த மனுஷி எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், தானே ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றிக் கழுவிவிட்டார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக.

கோலத்தோடு முடியவில்லை. ஆட்டோவை உள்ளே விடவில்லை. “ஷாட் போகிறது, பத்து நிமிடம்” என்றார்கள். எங்கள் பொறுமை தீர்ந்து, சித்தியைக் கைத்தாங்கலாக வீதி முனைக்கு நடத்திக்கொண்டு போனேன். அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை. மதில் ஓரத்தில் உட்கார வைத்தேன். ஆட்டோவை நெருங்க விடுவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. கேட்டதற்கு அனுமதிக் கடிதம் ஒன்றை நீட்டினார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் அந்த வீதியில் குடியிருக்கவில்லை. நோயாளி இருக்கும் வீடு உண்டா, பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டா என்று முன்கூட்டி ஒருவரும் கேட்கவில்லை. சித்தி இப்போது இல்லை. அன்று காட்சிக்காகப் பாதி உயரம் மட்டும் மஞ்சள் அடித்துவிட்டுப் போன எதிர் மதில் இருக்கிறது.

உங்கள் இதழில் எங்கள் ஊர் இப்படிப் படுவது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் நிற்கும் செங்கல் சுவர்களை “ரோமானியர் விட்டுச் சென்ற மண்டபம்” என்று வெளியிட்டீர்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய மடத்தின் மிச்சம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து கண்டவை வேறு. அப்போதும் கடிதம் எழுதினேன், வெளியாகவில்லை. இந்த முறை கடற்கரைச் சாலையிலுள்ள மேரி (நகராட்சி) கட்டடத்தைப் “பிரெஞ்சுக்காரர் கட்டி அசையாமல் நிற்பது” என்கிறீர்கள். அது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததும், இப்போது நிற்பது அதே சாயலில் புதிதாகக் கட்டப்பட்டது என்பதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சூரிய உதயக் காட்சிக்கு நீங்கள் சிபாரிசு செய்யும் பழைய துறைமுகப் பாலமும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்துவிட்டது. மணற்பரப்பைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் கடிதம் நீளும். 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர் வந்த பிறகு மணல் வடக்கே நகர்வது நின்று, நாங்கள் சிறுமிகளாக ஓடி விளையாடிய கரை முழுவதும் கருங்கல்லானது. குருசுக்குப்பத்து மீனவர்களுக்குப் படகை இழுத்து வைக்க இடமில்லாமல் போனது. தலைமைச் செயலகத்தின் முன் இன்று தெரியும் மணல், கடலடியில் செயற்கைத் தடுப்பு வைத்து அண்மையில் மீட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கட்டுரைக்கு முகப்பாகப் போட்டிருக்கும் படத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. “பிரெஞ்சுக் கட்டடக் கலையின் எழில்” என்று அதன் கீழே அச்சிட்டிருக்கிறீர்கள். தரைத்தளத்தில் திண்ணை, மரத்தூண் வரிசை, வீதியோரம் இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். மாடியில் வளைவுச் சன்னல்களும் சுண்ணாம்புச் சாந்து வேலையும். ஐயா, அது வைசியாள் வீதி. வாய்க்காலைத் தாண்டி, நீங்கள் ஒன்றுமில்லை என்று எழுதிய அதே பக்கம். வழிப்போக்கர் உட்கார்ந்து போகத் திண்ணை வைத்த தமிழ்க் குடும்பம், மாடிக்குப் பிரெஞ்சு பாணியை எடுத்துக்கொண்டு கட்டிய வீடு. அந்த வீதியைப் புதுப்பித்ததற்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இதே கலப்புதான், அதுவும் மேற்கேதான். 1908 முதல் பத்தாண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்த பாரதியாரின் நினைவு இல்லம் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில், பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். எல்லாம் மேற்கே.

வெள்ளை ஊர், கறுப்பு ஊர் என்று இந்த வாய்க்காலைக் காட்டிப் பிரித்தவர்கள் பிரெஞ்சு ஆட்சியாளர்கள். 1954 நவம்பர் 1 அன்று அதிகாரம் நம் கைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்து, ஒரு தமிழ்ப் பத்திரிகை அதே கோட்டை மறுபடி போடும் என்று நான் நினைக்கவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த இதழில் அந்தப் படம் எடுக்கப்பட்ட இடம் வைசியாள் வீதி என்று ஒரு வரி திருத்தம் வெளியிடுங்கள். படக்குழுவினர் உங்கள் கட்டுரையை வைத்துக்கொண்டு இங்கே வரக்கூடும். இரண்டு நாள் முன்னதாக வீதியில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுக் கயிறு கட்டுங்கள் என்று அதே இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஒரு வாசகி,
புதுச்சேரி