நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்

பாளையங்கோட்டை,
8.2.2026

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஏறாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? இங்கே அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. எதிர்வீட்டு மாடியில் யார் சேலை காய்கிறது என்பதுவரை இப்போது சொல்கிறாள். இன்னொரு கண்ணுக்குச் சித்திரையில்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: "அண்ணாச்சி கடையில ராத்திரி ராத்திரி வேற்றுக்கிரகத்தானைத் தேடினோமே, அது என்னல ஆச்சு?" உன் மகள் அதை நம்பவே இல்லை என்றும் எழுதியிருந்தாய். அவளுக்குக் காட்டச் சாட்சியே இருக்கிறது. வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்த நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. முன்பக்கம் அண்ணாச்சி கடைக் கணக்கு: மணிக்கு முப்பது ரூபாய், பிரிண்ட் எடுத்தால் பத்து, ஃபிளாப்பி இருபத்தைந்து. தலைகீழாகத் திருப்பினால் உன் கையெழுத்தில் நம் கணக்கு. தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். 2000 ஜனவரி முதல் நவம்பர் வரை 71 யூனிட். எல்லாமே நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில். மௌஸ் உருண்டை சிக்கிக்கொள்ளும் என்று காசு கொடுத்து யாரும் அதில் உட்காரமாட்டார்கள், அதனால்தான் அண்ணாச்சி நமக்கு விட்டுவைத்தார்.

நாம் சேர்ந்த அந்த வேற்றுக்கிரகத் தேடல் திட்டம், செட்டி அட் ஹோம், 1999 மே 17 அன்று ஆரம்பித்தது. நாம் சேர்ந்தது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஊரில் சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரையெல்லாம் கடன் கேட்டார்கள், நாமும் கொடுத்தோம். பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மோடம் கரகரவென்று கத்தி முடிக்கக் காத்திருப்போமே. இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு யூனிட், அதாவது வானத்திலிருந்து பதிந்த ரேடியோ சத்தத்தில் ஒரு துண்டு இறங்கும், முந்நூற்றுச் சொச்சம் கேபி. போன் வயரைப் பிடுங்கிவிட்டு, திரையில் கலர் கலராகக் கம்பிகள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு துண்டை அந்தக் கிழட்டு பென்டியம் மென்று முடிக்க நாலு ராத்திரி.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ என்ற இடத்தில், மலைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் 305 மீட்டர் அகலத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி. வானியல்காரர்கள் தங்கள் வேலைக்காக எங்கே திருப்பினாலும், அதே நேரத்தில் செட்டி ஆட்களின் கருவி தன் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும். அங்கே வேகமான இன்டர்நெட் கிடையாது. டேப்பில் பதிந்து தபாலில்தான் பெர்க்லிக்கு அனுப்பினார்கள்! ஒரு டேப்புக்கு 35 ஜிபி, பதினைந்தரை மணி நேர வானம். அதை 107 விநாடித் துண்டுகளாக நறுக்கி உலகம் முழுக்க விநியோகம். நம் 71 துண்டையும் ஒட்டினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். அதுவும் அவர்கள் பதிந்த 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 256 கீற்றாகக் கிழித்ததில் துண்டுக்கு ஒரே ஒரு கீற்று.

ஏன் 1420 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடினார்கள் என்று நீ அண்ணாச்சிக்கு விளக்கம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஹைட்ரஜன் அணு தானாகவே முனகுகிற சுருதி அது, எந்த ஊர் விஞ்ஞானிக்கும் தெரிந்திருக்கும், ஆகவே பொதுவான சந்திப்பு இடம். 1959-ல் கொக்கோனி, மாரிசன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதிய யோசனை. மறுவருஷமே ஃபிராங்க் டிரேக் என்ற வானியல்காரர், அமெரிக்காவில் கிரீன் பாங்க்கில் 26 மீட்டர் தொலைநோக்கியைத் தாவ் செட்டி, எப்சிலன் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களின் பக்கம் திருப்பிக் காது கொடுத்துப் பார்த்துவிட்டார். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கரண்டு பில்லு எவ்வளவுன்னு அவன்கிட்ட கேளுங்கடே" என்றாரே!

அக்டோபரில் ஒரு ராத்திரி, ஒற்றைக் கம்பி மட்டும் திரையின் உச்சிக்கு எழும்பி நின்றது மறந்திருக்காது. பேப்பர் ஆபீசுக்குப் போன் போடலாமா என்று நீ டயரியைப் புரட்டினாய், எனக்குக் கை நடுங்கியது. இப்போது தெரிகிறது, ஒற்றைக் கம்பி உயரமாக எழும்புவதில் ஒன்றுமே இல்லை. அவர்கள் தேடியது ஒரு குன்று. அரெசிபோ கிண்ணம் தரையில் பதிந்தது. சும்மா விட்டால் பூமி சுழல்கிற வேகத்தில் வானம்தான் அதன் பார்வையைக் கடந்து போகும். ஒரு நட்சத்திரம் கடக்கப் பன்னிரண்டு விநாடி. நிஜமாகவே அங்கிருந்து சத்தம் வந்தால் மெல்ல ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, மெல்ல இறங்கவேண்டும். பக்கத்து ஊர் ராடார் அப்படி ஏறி இறங்காது, நின்ற இடத்தில் நின்று கத்தும்.

1977 ஆகஸ்ட் 15-ல் ஓஹயோவில் வந்த பிரபலமான சத்தம்கூட அந்தக் குன்று வடிவம்தான். அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க 72 விநாடி, சத்தமும் 72 விநாடி. காகிதத்தில் 6EQUJ5 என்று அச்சாகியிருந்தது. சத்தத்தின் பலத்தைக் காட்டும் எண் ஒன்பதுக்கு மேல் போனால் எழுத்து, அதனால் யூ என்றால் முப்பதைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தக் காகிதத்தைச் சரிபார்த்த ஜெரி எமன் பக்கத்தில் "வாவ்!" என்று எழுதிவைத்தார். அதற்கப்புறம் எத்தனையோ தடவை தேடியும் மறுபடி வரவில்லை. அந்தத் தொலைநோக்கியை 1998-ல் இடித்துவிட்டார்கள், கோல்ஃப் மைதானத்துக்காக.

குன்று மட்டும் போதாது. அங்கே கிரகம் சுற்றுகிறது, இங்கே நாமும் சுற்றுகிறோம். ஜங்ஷனைத் தாண்டிப் போகிற ரயிலின் ஊதல் இறங்கிக்கொண்டே போகுமில்லையா, அதுபோல அலையின் சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நழுவும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஆயிரக்கணக்கான நழுவல்களை ஒவ்வொன்றாக ஊகித்துச் சரிசெய்து பார்க்கவேண்டும். நாலாம் நம்பர் நாலு ராத்திரி முக்கியது இதற்குத்தான்.

2020 மார்ச் 31-ல் புதுத் துண்டு அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே டிசம்பர் முதல் தேதி அரெசிபோவே போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் ஒரு கேபிள், நவம்பரில் ஒன்று என்று அறுந்து, கடைசியில் மேலே தொங்கிய 900 டன் மேடை கிண்ணத்தின் மேலேயே விழுந்தது. வீடியோவில் பார்த்தேன். நம் கடை போன அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஆனால் கணக்கை அவர்கள் மூடவில்லை. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் பொறுக்கிக் கொடுத்த சந்தேகச் சத்தங்கள் மொத்தம் 1,200 கோடி. வருஷக்கணக்காக உட்கார்ந்து சலித்தார்கள். நம் பூமியின் டிவி, ராடார், சாட்டிலைட்டையெல்லாம் தள்ளித் தள்ளிச் சுமார் பத்து லட்சம், அதிலிருந்து நூறு. நடுவில் தாங்களே மூவாயிரம் போலிச் சத்தங்களை உள்ளே விட்டு, சல்லடை அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதித்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அந்த நூறு இடங்களை 2025 ஜூலையிலிருந்து சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியால், 500 மீட்டர் கிண்ணம் அது, மறுபடி பார்த்துவருகிறார்கள். பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றுதான் என் மனசுக்குப் படுகிறது.

நம்முடைய சொந்த இரைச்சலைத் தள்ளுவது எவ்வளவு பாடு என்பதற்கு ஒரு கதை. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் தொலைநோக்கிக்கு 1998-லிருந்து அவ்வப்போது ஒரு விநோதமான சத்தம் வந்துகொண்டிருந்தது. 2015-ல் கண்டுபிடித்தார்கள், அங்கேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பு! மணி அடிக்கும்வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு துளி வெளியே கசிந்திருக்கிறது. என் வீட்டிலும் ஒருத்தர் அப்படித்தான் திறப்பார், பெயர் சொல்லமாட்டேன்.

உன் மருமகன், நாமாகச் செய்தி அனுப்புவது ஆபத்து என்கிறார் என்று எழுதியிருந்தாய். 1974 நவம்பர் 16-ல் அரெசிபோவிலிருந்தே ஒன்று அனுப்பியாயிற்று என்று சொல். 1679 புள்ளிகள், 23-ஐ 73-ஆல் பெருக்கினால் வருகிற எண். அப்படி அடுக்கினால் மனிதன், டிஎன்ஏ, சூரியக் குடும்பம் எல்லாம் படமாகத் தெரியும். மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. குறிவைத்த நட்சத்திரக் கூட்டத்துக்குப் போய்ச்சேர 25,000 வருஷம். உனக்கும் எனக்கும் நடுவிலேயே பதிலுக்கு ஏழு மாதம் ஆகிறது, பயப்பட அவசரம் இல்லை. இருந்தாலும் நான் கேட்கிற கட்சிதான், கத்துகிற கட்சி இல்லை.

இன்னொன்று. அரெசிபோ பார்க்கக்கூடிய வானப்பட்டைக்குள் நம் ஊர் உச்சி வானமும் அடக்கம். இந்த மாதம் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் திருவாதிரை ஏறக்குறைய நேர் மேலே சிவப்பாக நிற்கும். உன் மகளைக் கூப்பிட்டுக் காட்டு. மாடிக்கு வேண்டாம், வாசலில் நின்றே தெரியும்.

கடைசியாக, நோட்டை எடுத்த அன்றிலிருந்து உறுத்துகிற விஷயம். உங்கள் அப்பா தவறி நீ ஊருக்குப் போனாயே, செப்டம்பரில். பதினாறு முடிகிறவரை கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் நாளே அண்ணாச்சி பில்லோடு வந்து, ராத்திரி ஒரு மெஷின்கூட ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டேன். நீ வந்து முதல் வேலையாக நோட்டை எடுத்துப் பார்ப்பாய் என்று தெரியும். அந்த நேரத்தில் உன்னிடம் இதையும் சொல்ல மனசு வரவில்லை. நாலு வரி நானே எழுதினேன், தேதியும் நேரமும் போட்டு. நீ பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நிக்கலையே" என்றாய்.

ஆக மொத்தம் 67 தான். நோட்டை உனக்கே கூரியரில் அனுப்புகிறேன். உன் கையெழுத்து இல்லாத வரிகளைப் பார்த்தாலே தெரியும். மகளிடம் சரியான கணக்கைச் சொல்.

உன்,
கணேசன்