கடைசிப் பட்டன்: எங்கள் கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

முதலாளி அவர்களுக்கும், ஜி.எம். சாருக்கும், தையல் வேலைக்கு நேரம் கணக்கிடும் ஐ.இ. பிரிவில் இருப்பவர்களுக்கும், நான்கு மாதமாக வந்துபோய்க் கொண்டிருக்கும் ஆலோசகர்களுக்கும் வணக்கமுங்க.

போன சனிக்கிழமை சம்பளக் கவர் கொடுத்த பிறகு நான்காம் லைனில் என்ன நடந்தது என்று உங்கள் காதுக்கு வந்திருக்கும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளும் உங்கள் கையெழுத்தோடுதான் வந்தது. “நான்காம் லைன், ஓய்வறை நேரம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 96 நிமிடம், ஊக்கத்தொகை நிறுத்தப்படுகிறது” என்று இருந்தது. திங்கட்கிழமை ஐந்து டெய்லர்கள் வரவில்லை. அதில் இரண்டு பேர் அதே தெருவில் ‘டெய்லர் தேவை’ என்று போர்டு தொங்கவிட்டிருக்கும் கம்பெனியில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த லைனுக்கு சூப்பர்வைசர் நான். 19 வருடமாக இங்கே வேலை செய்கிறேன். உங்களிடம் நேரில் பேச மூன்று முறை நேரம் கேட்டுக் கிடைக்கவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் நிற்கிற நேரத்தையும் காரணத்தையும் பதிவு செய்ய எங்கள் லைனில் ஆளுக்கு ஒரு டேப்லெட் வைத்தீர்கள், ஒன்றாம் தேதி முதல் அதை மற்ற ஆறு லைனுக்கும் கொண்டுபோகிறீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு நாள் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்களோடு என்றால் சூப்பர்வைசர்களோடு மட்டும் இல்லை, மெஷினில் உட்காருகிறவர்களோடு.

அந்த 96 நிமிடம் எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். டேப்லெட்டில் எட்டுப் பட்டன் இருக்கிறது. எட்டும் இங்கிலீஷில், அதிலும் பாதி இரண்டெழுத்துச் சுருக்கம். மெஷின் நின்றால் காரணம் அழுத்த வேண்டும். மெஷின் ரிப்பேர் பட்டனை அழுத்தினால் மெக்கானிக் வந்து தன் கார்டைக் காட்டினால்தான் திரை திறக்கும். மற்ற பட்டன்களுக்கு என் கார்டோ குவாலிட்டிக்காரர் கார்டோ வேண்டும். யாருடைய கார்டும் இல்லாமல், திரும்பத் தொட்டாலே திறக்கிற பட்டன் ஒன்றே ஒன்றுதான், கடைசியில் பச்சையாக, கொஞ்சம் பெரிதாக இருப்பது. பயிற்சி கொடுக்க வந்த தம்பி 40 நிமிடத்தில் 32 பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும்போது, “எதுவும் புரியலைன்னா கடைசிப் பட்டனை அழுத்துங்க, அப்புறம் தொட்டா திறந்துக்கும்” என்று சொன்னார். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். அதுதான் ஓய்வறைக்குப் போகிற பட்டன் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

தைக்க வேண்டிய துணிக்கட்டு, அதாவது பண்டில், வரவில்லையா, கடைசிப் பட்டன். நூல் கோன் மாற்ற ஆள் வரவில்லையா, கடைசிப் பட்டன். கட்டிங்கிலிருந்து நம்பர் மாறி வந்த பீஸைப் பிரித்துக் கொடுக்கக் காத்திருந்தார்களா, அதற்கும் கடைசிப் பட்டன். துணி வராமல் காத்திருப்பதற்கு என்று அந்த எட்டில் ஒரு பட்டனே இல்லை. இரண்டு மாதம் நம் கட்டிங் செக்‌ஷனும் ஸ்டோரும் தாமதித்த நேரம் எல்லாம் சேர்ந்து, நான்காம் லைன் பெண்கள் பாத்ரூமில் இருந்த நேரமாக உங்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

எங்கள் லைனில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர், 22 வருடம் சர்வீஸ். இந்தக் கம்பெனியில் ஓவர்லாக் பழகியவர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் கைமடியாக, அதாவது உதவியாளாக, நின்று பழகியவர்கள்தான். அவர் பெயருக்கு நேராக ஒரு நாள் 112 நிமிடம் என்று போட்டு, லைன் முனையில் மாட்டியிருக்கிற டிவியில் சிவப்பில் ஓடியது. அவர் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏங்கண்ணு, நான் எப்பக் கண்ணு அத்தனை நேரம் போனேன்? எல்லாரும் பாக்கற மாதிரி போட்டிருக்காங்களே.”

அன்றைக்கு அவர் மெஷினில் ஊசி உடைந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடைந்த துண்டு ஒன்றுவிடாமல் தேடி எடுக்க வேண்டும், குழந்தைகள் போடுகிற துணி என்றால் கேட்கவே வேண்டாம். அக்கா எழுந்து, மடியில் இருந்த பீஸை எல்லாம் உதறி, மெஷினுக்குக் கீழே குனிந்து, கைமடிப் பெண் காந்தத்தைத் தரையில் ஓட்ட, மூன்று துண்டையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, நுனி முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, ஊசி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, புது ஊசி கொடுத்தேன். 11.20க்கு உடைந்தது, 11.38க்கு மெஷின் ஓடியது. ரிஜிஸ்டரில் இருக்கிறது, மூன்று துண்டும் அந்தப் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் 11.20லிருந்து 11.38 வரை அக்கா ஓய்வறையில் இருந்திருக்கிறார். துணி வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு வந்தால் முதலில் கேட்கிற ரிஜிஸ்டர் அது. அதைச் சரியாகச் செய்த ஆளுக்குத்தான் ஊக்கத்தொகை நின்றிருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்கா தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். காலையில் கொண்டுவரும் பாட்டில் சாயங்காலம் மூடி திறக்காமல் அப்படியே வேனில் போகிறது. ஏனக்கா என்று கேட்டால், “நிசமாவே போனாலும் அதே பட்டன்தானே சாமி” என்கிறார். இப்போது அவரைப் பார்த்து இன்னும் நான்கைந்து பேர் அப்படியே இருக்கிறார்கள். சித்திரை மாதம், தகரக் கூரை, ஒன்றரை ஷிப்ட். இதை நீங்கள் யாரும் சொல்லிச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கொண்டுவந்த மாற்றம் செய்தது.

கணக்கும் பார்த்தேன். ஒரு ஆபரேஷனுக்கு, அதாவது ஒரு பீஸில் ஒரு தையல் வேலைக்கு, அரை நிமிடம் என்று ஐ.இ. பிரிவு நேரம் வைத்தால் 480 நிமிடத்துக்கு 960 பீஸ், அதுதான் நூறு சதவீதம். 96 நிமிடம் துணி வராமல் உட்கார்ந்தால், மீதி நேரம் முழுக்க மூச்சு விடாமல் தைத்தாலும் 768தான் வரும், 80 சதவீதம். ஊக்கத்தொகைக்கு நீங்கள் வைத்திருக்கிற எல்லை 85. ஆக, துணி தாமதமானால் எந்த டெய்லராலும் அந்தத் தொகையை வாங்க முடியாது, உலகத்திலேயே நல்ல டெய்லரை உட்கார வைத்தாலும். அந்த அரை நிமிடமும் எந்தத் துணியில் எடுத்தது? சிங்கிள் ஜெர்சித் துணி ஓரம் சுருளும், ரிப் துணி அப்படிச் சுருளாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பார்த்து ஓட்டுவதும் வெள்ளையில் ஓட்டுவதும் ஒன்றா? ஸ்டாப்வாட்ச் பிடித்த அன்று வெள்ளை ரிப் ஓடியது. நான் பக்கத்தில்தான் நின்றேன், என்னை யாரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது, நம் ஆட்கள் மாற்றத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று. போன மாத மீட்டிங்கில் ஆலோசகர் அதற்குத் தனியாக ஒரு ஸ்லைடே போட்டார். ஐயா, திருப்பூரில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். உள்ளூருக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் 1978ல் இத்தாலிக்காரர் ஆர்டர் கொடுத்தபோது டி சர்ட் தைக்கக் கற்றுக்கொண்டது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றுபோனது, அப்புறம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் எழுந்தது. 2020ல் ஊரடங்கில் பனியன் ஓட்டிய அதே மெஷினில் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்தோம். கத்தரிக்கோலால் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் இன்றைக்கு நாலு ஊசி பேட்லாக் மெஷின் ஓட்டுகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஆறு மாதத்தில் தமிழில் சண்டை போடுகிறார்கள். இதைவிட ஒரு ஊர் எப்படி மாற வேண்டும் என்கிறீர்கள்?

மாறுவதற்கு நாங்கள் எப்போதும் பின்வாங்கியதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதல் செலவை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் எங்கள் மனசில் இருக்கிறது. பட்டறை மூடியபோது ஷிப்ட் போனது எங்களுக்கு. ஊரடங்கில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு அலைந்தது எங்கள் லைன் பையன்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி என்றபோது ஓவர்டைம் நின்றது எங்களுக்குத்தான், ஆர்டர் குறைவு என்றீர்கள், சரி என்றோம், ஒருவர்கூட கேட் முன்னால் உட்காரவில்லை. செக்கிங்கில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு ஸ்டூல் வேண்டும் என்று எட்டு வருடமாகக் கேட்கிறோம், அது வரவில்லை, அதற்குள் ஆளுக்கு ஒரு டேப்லெட் வந்துவிட்டது. கோபத்தில் பேச்சு எங்கோ போகிறது, மன்னிக்கவும். எழுதி வைத்ததை அழிக்கவும் மனசு வரவில்லை.

என் மகள் கோவையில் எம்.பி.ஏ. படிக்கிறாள். ஆலோசகர் சொன்ன மாற்ற மேலாண்மை என்றால் என்ன என்று அவளைக் கேட்டேன். அவள் பாடத்தில் முதலில் வருகிற ஆராய்ச்சிகளில் ஒன்றே ஒரு பைஜாமா தைக்கும் கம்பெனியில் நடந்தது என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற கம்பெனி, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிற பீஸ் ரேட், பெண் தொழிலாளர்கள், எல்லாம் நம்மைப் போலத்தான். லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற இரண்டு பேர் 1948ல் அதை எழுதியிருக்கிறார்கள். வேலை முறையையும் ரேட்டையும் மாற்றியபோது ஒரு குழுவைக் கூப்பிட்டு, இனி இப்படித்தான் என்று அறிவித்து, சந்தேகத்துக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு குழுக்களில் எல்லோரையும் உட்கார வைத்து, எதைக் குறைக்கலாம், எப்படி மாற்றலாம், ரேட் எப்படி வைக்கலாம் என்று அவர்களையே பேச வைத்தார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை, 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். பேசி மாற்றிய குழுக்களில் ஒருவரும் போகவில்லை, உற்பத்தி பழைய அளவைத் தாண்டி 14 சதவீதம் கூடியது. அந்த முதல் குழுவில் மீதி இருந்தவர்களை இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்றாகச் சேர்த்து, இந்த முறை உட்கார்ந்து பேசி வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதே ஆட்கள், நன்றாகவே செய்தார்கள். ஆட்களிடம் கோளாறு இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இது நடந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. உங்கள் ஆலோசகர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளம் கொடுக்கிற முறையை மாற்றுவதற்கு முன் தொழிலாளிக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே 9ஏ பிரிவில் இருந்தது, புதிதாக வந்திருக்கும் தொழில் உறவுத் தொகுப்பிலும் அதே 21 நாள் இருக்கிறது. எங்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாள் ஒட்டினீர்கள், சனிக்கிழமை பிடித்தீர்கள். இதை வைத்து மனு போடலாம் என்று லைனில் சிலர் சொன்னார்கள். முதலில் முதலாளியிடம் கேட்போம் என்று அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவருடைய அப்பா தன் காலத்தில் கட்டிங் டேபிளுக்கு வந்து, “என்னுங்க, துணி எப்படி இருக்குது?” என்று மாஸ்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

டேப்லெட் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எந்த லைனில் எத்தனை பண்டில் தேங்கி நிற்கிறது என்று உடனே தெரிவது நல்லதுதான், பேப்பர் கார்டு தொலைந்து சம்பளம் விட்டுப்போகிற பிரச்சினையும் தீர்ந்திருக்கிறது, அதை நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். பட்டன்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் போடுங்கள், எழுத்து வேண்டாம் என்றால் படமாவது போடுங்கள். துணி வரவில்லை என்று ஒரு பட்டன், ஊசி உடைந்தது என்று ஒரு பட்டன், இரண்டையும் டெய்லரே திறக்கும்படி வையுங்கள். டிவியில் பெயர் ஓடுவதை இன்றே நிறுத்துங்கள். கணக்கு சரியாகும்வரை அதைச் சம்பளத்தோடு கோக்காதீர்கள், போன வாரம் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தாளை எடுத்துவிட்டு, கணக்கில் தவறு நடந்தது, ஓய்வறை நேரம் இல்லை என்று அதே போர்டில் உங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டுங்கள். அக்கா கேட்டது பணத்தை இல்லை, அந்தத் தாளைத்தான்.

மற்ற லைனுக்குப் போகும் முன் எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் முழுக்க முடியாவிட்டால் வருகிற புதன்கிழமை 11 மணி டீ டைமில் நான்காம் லைனுக்கு வாருங்கள், ஆலோசகர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆபீஸ் ரூமுக்கு எங்களைக் கூப்பிட்டால் அக்காக்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், மெஷின் பக்கத்தில் நின்று கேட்டால் சொல்வார்கள். ஊசி ரிஜிஸ்டர் என் மேஜை டிராயரில் இருக்கிறது, நீங்கள் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் லைன் சூப்பர்வைசர்,
திருப்பூர்