சனிக்கிழமை எண்ணெய்

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. தாராவியில் நாங்கள் இருவரும் சுகம். உத்யான் எக்ஸ்பிரஸில் வரும் பெரியம்மா வீட்டு முருகனிடம் நல்லெண்ணெய் ஒரு லிட்டரும் எள்ளுருண்டையும் கொடுத்துவிட்டிருக்கிறேன். சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளி. குளித்த பிறகு லேப்டாப்பைத் தொடாதே.

உன் ஆபீஸ் வேலையில் ஒரு கோளாறு மூன்று வாரமாகப் பிடிபடவில்லை என்றாய். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. நம் தெருவில் முதல் எஞ்சினியர் நீ, அதை நான் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் பெற்றவள் மூன்று தடவை கூப்பிட்டால் ஒரு தடவையாவது எடுக்கக் கூடாதா? பொங்கலுக்கு வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு உன் முகத்தில் லேப்டாப் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவள், விடியும்வரை புரண்டாள். நான் அன்றைக்கும் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் போன மாதம் தைக்க ஒரு கல்யாண பிளவுஸ் வந்தது. பட்டுத்துணி, மாற்றுத் துண்டு கிடையாது. ஒரு கைக்கு வெட்டியதில் கணக்குத் தப்பி, அடுத்த கைக்கு பார்டர் இல்லை. பகல் முழுக்க அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள், சோறு இறங்கவில்லை. கடைசியில் மடித்து வைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் விடிகாலை குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது, "முதுகுல இருக்குல்ல!" என்றாள். முதுகுப் பக்கத்து பார்டரைக் கைக்கு மாற்றி, முதுகைத் திறப்பாக விட்டு நாடா கட்டிக் கொடுத்தாள். பெண் வீட்டார் அதுதான் மாடல் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

வகுப்பில் நான் ஓட்டோ லூவி என்ற விஞ்ஞானியின் கதை சொல்வேனே, நினைவிருக்கிறதா? நரம்புகள் ரசாயனம் மூலமாகச் செய்தி அனுப்பக்கூடும் என்று 1903-லேயே அவருக்குத் தோன்றிவிட்டது. நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை. பல வருஷம் கழித்து ஒரு ராத்திரி தூக்கத்தில் வழி தெரிந்து, எழுந்து தாளில் கிறுக்கினார். காலையில் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. நேரே ஆய்வகத்துக்குப் போய்த் தவளை இதயத்தில் செய்து பார்த்தார். 1936-இல் நோபல் பரிசு. கிரஹாம் வாலஸ் என்பவர் 1926-இல் இப்படி விட்டுவிட்டு இருக்கும் இடைவெளிக்கு வைத்த பெயர், அடைகாத்தல். முதலில் முட்டி மோதத்தான் வேண்டும், அதை நீ செய்துவிட்டாய். முட்டிய தடத்திலேயே மனசு சுற்றிக்கொண்டிருந்தால் வேறு தடம் கண்ணில் படாது. விட்டுவிட்டுப் போனால்தான் அந்தப் பிடி தளரும். ஆகவே தூங்கு. நட. எண்ணெய் தேய்த்துக் குளி.

இதையெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருஷம் சொன்னவன், உனக்கு என்ன செய்தேன்? பத்தாவது படிக்கும்போது சாயங்காலம் மச்சில் படுத்துக்கொண்டு ரயில் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பாய். ஒரு நாள் இறங்கி வந்து, விடாமல் உதைத்த கணக்கை நின்றபடியே போட்டுக் காட்டினாய். நான் நோட்டைப் பார்க்கவில்லை. "சும்மா படுத்துக் கிடக்கிறவன் உருப்படுவானா" என்று கேட்டு, மறுநாளே இரும்பு ஏணியைக் கழற்றி எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் நீ சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. நல்ல பிள்ளை என்று பெருமைப்பட்டேன். தப்பு என்னுடையது, செந்தில்.

எதிர் வீட்டில் ஏணி இன்னும் இருந்தது. கேட்டு வாங்கி, ஆடின இரண்டு படிக்கும் வெல்டிங் வைத்து மாட்டிவிட்டேன். அம்மாவின் துணி மூட்டைகளையும் மச்சிலிருந்து இறக்கியாகிவிட்டது. மேலே ஒரு சின்ன ஃபேன் போட்டிருக்கிறேன். லீவு எத்தனை நாள் கிடைத்தாலும் வா.

இப்படிக்கு,
அப்பா