சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூர்
நவம்பர் 2025

அன்புள்ள டீச்சரம்மா,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் இப்போதுதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே டி. தீபாவளி நெருங்கினால் திருப்பூரில் யாரும் கடிதம் எழுத மாட்டார்கள், போனஸ் கணக்குதான் எழுதுவார்கள். சட்டம் சொல்வது ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம். ஆனால் பக்கத்துக் கம்பெனியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் இங்கே பேச்சு நடக்கும். போனஸ் கைக்கு வந்ததும் தேனி, மதுரை, நெல்லைக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள், ஊர் காலியாகிவிடும். திரும்பி வருவார்களா, வந்தாலும் நம்மிடம் வருவார்களா, எதிர்ச் சந்தில் இருப்பவர் கூப்பிட்டுக்கொள்வாரா என்று எனக்கு அப்புறம் தூக்கமே வராது. இந்த முறை பெரும்பாலும் வந்துவிட்டார்கள். ஓவர்லாக் மிஷினில் தைக்கிற டெய்லர்கள் இரண்டு பேர் மட்டும் போனை எடுக்கவில்லை. அது போகட்டும்.

மன்னார்குடிப் பக்கம் மழை எப்படி? உன் அப்பாவின் வயலில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். வடிந்ததா? சம்பா தப்பிக்குமா? ஆறாம் வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ஹாஸ்டலில் எங்கள் மூன்று பேரையே உன்னால் அடக்க முடிந்ததில்லை.

"முதலாளியாகிவிட்டாய், எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகைக் கட்டடம். இருபத்திரண்டு தையல் மிஷின், சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று மூன்று வகை. ஒரு கட்டிங் டேபிள். டெய்லருக்குக் கையுதவி செய்யும் கைமடி, செக்கிங், பிசிர் வெட்டுகிறவர்கள், அயர்ன், பேக்கிங் எல்லோரையும் சேர்த்தால் முப்பது பேருக்குக் கொஞ்சம் மேல். கடன், மாவட்டத் தொழில் மையம் வழியாக, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் வாங்கியது. 25 சதவீதம் மானியம், வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகளுக்கு எந்த வங்கியிலும் நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள்.

காலை எட்டரைக்கு வேலை தொடங்கும், ஒரு ஷிப்ட் என்றால் மாலை ஐந்தரை வரை. அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், இரவு எட்டரை தாண்டும். அவசரம் இல்லாத வாரம் எதுவும் எனக்கு நினைவில்லை. நூல் விற்க வருகிறவர், மிஷின் மெக்கானிக், டெம்போக்காரர் என்று புதிதாக வருகிற எவரும் என்னைப் பார்த்து, "ஓனர் இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது கடன் வசூலிக்க வருகிறவர்களிடம், "வெளியே போயிருக்காருங்க" என்று சொல்லிவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் மட்டும் என்னைக் "கண்ணு" என்கிறார். அவர் கத்தரி பிடித்த காலத்தில் நான் பிறக்கவே இல்லை, அதனால் அவர் கூப்பிடலாம்.

உன் பையனின் டீ-ஷர்ட் இரண்டு துவைப்பில் முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிட்டது, உன் கம்பெனி சரக்கா என்று கேட்டிருந்தாயே, நல்லவள் நீ. என்னுடையது இல்லை. ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று சொல்கிறேன், உன் ஆறாம் வகுப்புக்கும் சொல். நூல் நூற்கும்போதே அதில் முறுக்கு ஏற்றுகிறார்கள், இல்லாவிட்டால் அது அறுந்துபோகும். திரித்த கயிற்றைக் கையிலிருந்து விட்டால் அவிழப் பார்க்குமே, அதுபோல நூலும் துணிக்குள் போன பிறகும் அவிழத்தான் பார்க்கும். நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அதற்கு இடமில்லை. பனியன் துணி முழுக்க முழுக்கக் கண்ணிகள், பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. தண்ணீர் பட்டதும் கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும், அதோடு துணியும் சாயும், தையல் ஊர்ந்து முன்னால் வரும். வட்ட நிட்டிங் மிஷினில் ஒரே சுற்றில் பல நூல்கள் ஓடுவதாலும் சாய்வு கொஞ்சம் கூடும்.

இதை முழுக்க ஒழிக்க முடியாது, குறைக்கலாம். நூலில் முறுக்கு அளவாக இருக்க வேண்டும். சாயம் முடிந்த பிறகு, துணியை முன்னாலேயே சுருங்க வைக்கும் காம்பாக்டிங் ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். அப்புறம், எங்கள் கையில் இருப்பது ஒன்று: ரோலாகச் சுற்றி வரும் துணி இழுபட்டிருக்கும், அதைப் பிரித்து விரித்துப் போட்டு ஆற விட்டுத்தான் வெட்ட வேண்டும். இன்று காலை துணி வந்து இன்று மாலையே கட்டிங் என்றால், வெட்டிய பாகம் டேபிளிலேயே சுருங்கும். மலிவு டீ-ஷர்ட் முறுக்கிக்கொள்வதில் பாதிப் பழி இந்த அவசரத்துக்குத்தான் என்பது என் எண்ணம். நூலுக்குக் காசு குறைத்தவர்கள்கூட நேரத்துக்கு இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். குழந்தைகள் உடுப்பு தைக்கும் இடத்தில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதிக் காட்டினால்தான் புது ஊசி தருவோம். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மிஷினைச் சுற்றி இருக்கிற பீஸ் அத்தனையையும் ஒதுக்கி வைத்துத் தேட வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்கார வேலை. எனக்கு எங்கள் கம்பெனியிலேயே மிகவும் பிடித்த நோட்டு அது.

சரி, பணத்துக்கு வருகிறேன். தையலை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், பணம் வரும் தேதியைப் புரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. சரக்கை அனுப்பி பில் போட்டால் எனக்குப் பணம் வர அறுபது நாள், சில சமயம் தொண்ணூறு. கேட்டால், "எங்களுக்கே வரலைங்க" என்பார்கள். அது பொய்யும் இல்லை, அவர்களையும் வெளிநாட்டு வியாபாரி அப்படித்தான் காக்க வைக்கிறான். எனக்குப் பிரிண்டிங் போட்டுத் தருகிறவர் நான் கொடுத்தால் வாங்குவார், அவருக்கு மை விற்கிறவர் அவர் கொடுத்தால் வாங்குவார். கடைசியில் பார்த்தால், சின்னவர்கள் எல்லாம் வங்கியில் வட்டிக்கு வாங்கிப் பெரியவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதைக் கணக்குப் புத்தகத்தில் போட்டால் உன் பிள்ளைகள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

சட்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி என்னைப் போன்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கியவர் யாரையும் எங்கள் சந்தில் நான் பார்த்ததில்லை. கேட்ட மறுநாள் ஆர்டர் இருக்காதே. 2023-24 கணக்கிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கெடுவுக்குள் எங்களுக்குப் பணம் தராதவர், பணம் தருகிற ஆண்டு வரும்வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. நாங்கள் மகிழ்ந்துபோனோம். கொஞ்ச நாளில் எனக்கு வேலை தரும் ஒருவர், "உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்களேன்மா, ரெண்டு பேருக்கும் வசதி" என்றார். குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு அது, அது இல்லாவிட்டால் அந்தப் பிரிவு அவரைக் கட்டாது. எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா! முடியாது என்றேன். அவரிடமிருந்து வருவது பாதியாகக் குறைந்தது. ஆனாலும் அந்தப் பிரிவு இருக்கட்டும் என்பேன். மார்ச் மாதம் வந்தால் ஆடிட்டருக்குப் பயந்தாவது சிலர் பழைய பாக்கியைத் தீர்க்கிறார்கள்.

இத்தனை காத்திருப்பிலும் காத்திருக்காத ஒன்று உண்டு, சனிக்கிழமைச் சம்பளம். இங்கே வாரக் கூலிதான் வழக்கம். கப்பல் வந்ததா, பில் பாஸானதா, ஜிஎஸ்டி கட்டினாயா என்று எந்தச் சாக்கும் செல்லாது. சனிக்கிழமை மாலை கவர் கைக்குப் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை நான் என் நகையைப் பற்றி என்னவெல்லாம் யோசிப்பேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிடாதே. எங்களைப் போன்ற சின்ன முதலாளிகள் கூடினால் ஒருவர் தவறாமல் சொல்வார்: "எல்லாரும் சேர்ந்து மாசச் சம்பளமா மாத்திட்டா நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்." கிடைக்கும்தான். ஆனால் அப்படிச் செய்தால் பிசிர் வெட்டுகிற அக்காவும் எனக்குக் கடன் கொடுக்கிறவர் ஆகிவிடுவார். என் தலைக்கு மேலே இருப்பவர்கள் என்னிடம் செய்வதை அவரிடம் நான் செய்ய வேண்டும். அது வேண்டாம். சனிக்கிழமை என்னை வாட்டுகிறது, ஆனால் இந்த ஊரில் எனக்கு மரியாதை இருக்கிற வழக்கம் அதுதான்.

அமெரிக்க வரி பற்றிக் கேட்டிருந்தாய். 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி நம் சரக்குக்குக் கூடுதலாக 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25, ஆக 50 ஆனது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20. அந்த வித்தியாசத்தை எந்தத் தையலாலும் ஈடுகட்ட முடியவில்லை. திருப்பூரின் ஏற்றுமதி 2024-25-இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய், அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குப் போவது. நான் நேரடியாக ஏற்றுமதி செய்வதில்லை, ஏற்றுமதியாளர் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துத் தருகிற ஜாப் ஒர்க் செய்கிறேன். அவருக்கு இருமல் என்றால் எனக்குக் காய்ச்சல். செப்டம்பரில் வெட்டி வைத்த துணி தைக்க வேண்டாம் என்று மூட்டையாகவே திரும்பிப் போனது. ஒரு பீஸுக்கு ஐம்பது பைசா குறையுங்கள், அமெரிக்கக்காரன் கேட்கிறான் என்றார்கள். அமெரிக்காவில் போட்ட ஒரு வரிக்கு ஐம்பது பைசாவை என் சந்தில் வந்து தேடுகிறார்கள், பார்.

அதனால் உள்நாட்டுக் குழந்தைகள் உடுப்பில் இறங்கியிருக்கிறேன். காதர்பேட்டை மொத்த வியாபாரிகள் சிலர், ஈரோட்டில் ஒருவர், மதுரையில் ஒருவர். செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள உடைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று மாற்றியதை எல்லோரும் கொண்டாடினார்கள். என் சரக்கு ஆயிரம் ரூபாய் என்ற பழைய வரம்பையே எட்டிப் பார்த்ததில்லை, எனக்கு அன்றும் 5 இன்றும் 5. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தால் நல்லது நடக்கும் என்கிறார்கள். நடக்கட்டும், மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவர் ஒரு பட்டறையில் வேலையில் இருந்தார், நான் பள்ளிக்கூடத்தில். அந்த வருடம் வீட்டில் எப்படிச் சோறு வெந்தது என்று அம்மாதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒருநாளும் அவர் நீதிமன்றத்தைத் திட்டியதில்லை. "நொய்யல் ஆத்துல என்ன விட்டோம்னு எங்களுக்குத் தெரியும் கண்ணு," என்பார். அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது, சாயத்தண்ணீரைத் தேக்கி வைத்ததுதான் மிச்சம் என்பதையும் அவரே சொல்வார். இப்போது பட்டறைகள் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது, சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அதனால் சாயக் கூலி அதிகம்தான். அமெரிக்க வரி வந்ததும் சிலர் அந்த விதியைத் தளர்த்தச் சொல்லலாம் என்று பேசினார்கள். அப்பா காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

கல்யாணப் பேச்சு? நடக்கிறது. போன மாதம் வந்த வீட்டார், "கம்பெனியை அப்புறம் யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குக் கோபித்துக்கொண்ட பெரியப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின் சத்தம் இல்லாதபோது வரும். திங்கள் காலை டெலிவரி கேட்டு போன் வந்தால் போய்விடும். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத் தனிமை அதிகம் என்பார்கள், எனக்கு என்னவோ தனியாக இருக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

உன் பையனுக்கு இரண்டு டீ-ஷர்ட் தைத்து அனுப்பப் போகிறேன். வயதைச் சொல்லாதே, வயதுக்கான அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மார்பளவையும் தோளிலிருந்து இடுப்பு வரை உயரத்தையும் இஞ்சில் எழுதி அனுப்பு. வந்ததும் ஐந்து தடவை துவைத்துப் பார்த்து, பக்கத் தையல் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுது. என் மேல் இருக்கிற அன்பில் ஒரு சென்டிமீட்டரைக் குறைத்துவிடாதே, அந்த எண் எனக்கு வேண்டும்.

உன் ஹாஸ்டல் அறைத்தோழி