விருப்ப மனு வாங்கும் கட்சித் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்சித் தலைவர்களுக்கும் மாவட்டச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

வேட்பாளர் பட்டியல் வந்தது. போட்டியிட வாய்ப்புக் கேட்டு, கட்டணம் கட்டிக் கட்சிக்குக் கொடுக்கும் விருப்ப மனுவையே கொடுக்காதவர் பெயரும் அதில் இருந்தது. நாங்கள் கேட்பது இதுதான்: எந்தத் தொகுதி யாருக்கு என்று கூட்டணியில் முடிவான பிறகு விருப்ப மனு வாங்குங்கள், பெயரை அறிவிக்கும்போது காரணத்தையும் அறிவியுங்கள்.

இப்போது நடப்பது தலைகீழ். முதலில் 234 தொகுதிக்கும் பணம் வசூல், பிறகுதான் தொகுதிப் பங்கீடு. எங்கள் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தமும் கே.வி.குப்பமும் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். பீடி சுற்றும் வீட்டிலிருந்தோ தறி வீட்டிலிருந்தோ ஒருவர் மனு கொடுக்க நினைத்தால் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். தேர்தல் ஆணையம் அவரிடம் கேட்கும் டெபாசிட் 5,000 ரூபாய். பெரிய கட்சிகளின் கட்டணம் அதைவிட அதிகம். டெபாசிட்டாவது ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினால் திரும்பி வரும். மனுக் கட்டணமோ, தொகுதி கூட்டணிக்குப் போய்விட்டாலும், தலைமை மனது வைத்தால்தான் வரும். போட்டியே இல்லாத இடத்துக்கு எதற்கய்யா நுழைவுச்சீட்டு?

அடுத்து சென்னையில் நேர்காணல். சில நிமிடம். "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு 40 லட்சம். அந்த வரம்புக்குள் தொகை சொல்பவரிடம் அடுத்த கேள்வியே கேட்பதில்லை, அனுப்பிவிடுகிறீர்கள். 2019இல் பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்ததை இந்த ஊர் மறக்கவில்லை.

பட்டியலில் பெயர் வந்தவருக்கும் நிம்மதி இல்லை. வேட்பு மனுத்தாக்கல் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், எங்கள் வேட்பாளர் இவர்தான் என்று கட்சி எழுதித் தரும் பி படிவம் தேர்தல் அலுவலரிடம் சேர வேண்டும். 'முன்பு கொடுத்தது ரத்து' என்று எழுதி வேறொருவர் பெயரில் இன்னொரு படிவம் வந்தால் கதை முடிந்தது.

குற்ற வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் வெளியிட உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெற்றி வாய்ப்பு மட்டும் காரணமாகாது என்றும் சொல்லியிருக்கிறது. நீங்களும் எழுதித் தருகிறீர்கள். வழக்கு உள்ளவரை எடுத்ததற்குக் காரணம் எழுதும் பேனா, வழக்கே இல்லாதவரை விட்டதற்கு மட்டும் ஏன் எழுத மறுக்கிறது?

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்தருளுங்கள். தொகுதி முடிவான பிறகே மனு வாங்குங்கள். முடியாதென்றால், தொகுதி கைமாறினால் கட்டணம் 30 நாளில் திரும்பும் என்று ரசீதிலேயே அச்சிடுங்கள். மனு கொடுத்தவர் பட்டியலை மாவட்டக் கட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். பெயரோடு காரணத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தம், கே.வி.குப்பம் பகுதித் தொண்டர்கள்